வேர் விழித்த பிறகே உரம்

மார்ச் பிறந்ததும் இங்கிலாந்தின் தோட்டக் கடைகளில் உர மூட்டைகள் வாசலுக்கு வந்துவிடும். நவம்பர் முதல் மூடிக் கிடந்த வானம் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கிறது. நல்ல வெயில் அடிக்கும் நாளில் வெப்பநிலை 12, 13 டிகிரி செல்சியசைத் தொடுகிறது. டாஃபடில் பூத்துவிட்டது. ஆனால் வீட்டுக்குப் பின்புறமுள்ள புல்தரையோ குளிர்காலம் முழுக்க ஈரத்தில் ஊறி, மஞ்சளித்து, இடையிடையே பாசி படர்ந்து கிடக்கிறது. அதைப் பார்க்கிற எவருக்கும் உடனே ஒரு மூட்டை உரத்தை வாங்கித் தூவிவிடத்தான் கை பரபரக்கும்.

உரம் போட்டால் புல் பச்சையாகும் என்பதில் ஐயமில்லை. ஆனால் எப்போது போடுகிறோம், எவ்வளவு போடுகிறோம், எந்த வடிவில் போடுகிறோம் என்பதைப் பொறுத்து அதே உரம் புல்லுக்குப் போகாமல் ஓடைக்குப் போய்ச் சேரலாம், புல்லைக் கருக்கலாம், நாளடைவில் அந்த மண்ணில் எந்தச் செடி வாழலாம், எது வாழக் கூடாது என்பதையே மாற்றிவிடலாம். நாலு சுவருக்குள் அடங்கிய சின்னத் தோட்டத்தில் நடக்கும் வேலைதான் இது. என்றாலும் தாவர உடலியல், மண் வேதியியல், சூழலியல் ஆகிய மூன்றும் இதற்குள் இருக்கின்றன. வசந்தகாலப் புல்தரையைப் புரிந்துகொள்ள மண்ணின் வெப்பநிலையிலிருந்து தொடங்குவதே சரி.

காற்று முந்தும், மண் பிந்தும்

வசந்தம் காற்றுக்கு ஒரு நாளில் வருகிறது, மண்ணுக்கு வேறொரு நாளில் வருகிறது. ஒரு வெயில் நாள் போதும், காற்று சூடேறிவிடும். மண்ணுக்கு அது போதாது. காரணம், மண்ணுக்குள் இருக்கும் தண்ணீர். ஒரு கிராம் தண்ணீரின் வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்த, அதே எடையுள்ள உலர்ந்த மண் துகளுக்குத் தேவைப்படுவதைப் போல ஏறத்தாழ ஐந்து மடங்கு வெப்பம் வேண்டும். குளிர்கால மழையெல்லாம் இறங்கித் தங்கிய களிமண் ஆகவே மெல்லத்தான் சூடேறும். நீர் வடிந்துபோன மணற்பாங்கான மண் சீக்கிரம் சூடேறிவிடும். ஒரே ஊரில், அடுத்தடுத்த தெருக்களில்கூட மண்ணுக்கு மண் வசந்தம் தள்ளி வருவது இதனால்தான். தென்திசை நோக்கிச் சரிந்த தரை முந்திக்கொள்ளும். வேலியின் நிழலில் கிடக்கும் தரை கடைசியாக விழிக்கும்.

இங்கிலாந்தின் புல்தரைகளில் வளரும் புற்கள் மண்ணின் வெப்பநிலை 5 அல்லது 6 டிகிரியைத் தாண்டும்போதுதான் அசையத் தொடங்கும். பத்து டிகிரியை நெருங்கும்போது வேர்கள் நன்றாகவே வேலை செய்யும். இதற்கு முன் உரம் தூவினால் என்ன ஆகும் என்பதை அறிய, நைட்ரஜன் மண்ணில் எடுக்கும் வடிவங்களைப் பார்க்க வேண்டும்.

நம் உழவர்கள் தழைச்சத்து என்று சொல்லும் நைட்ரஜன், உரத்தில் பெரும்பாலும் மூன்று உருவங்களில் வருகிறது: யூரியா, அம்மோனியம், நைட்ரேட். மண்ணிலுள்ள யூரியேஸ் என்ற நொதி யூரியாவை அம்மோனியமாக உடைக்கிறது. நைட்ரோசோமோனாஸ், நைட்ரோபேக்டர் முதலிய பாக்டீரியாக்கள் அந்த அம்மோனியத்தைப் படிப்படியாக நைட்ரேட்டாக மாற்றுகின்றன. அம்மோனியம் நேர்மின்சுமை கொண்டது; களிமண் துகளும் மட்கும் எதிர்மின்சுமை கொண்டவை. எனவே மண் அம்மோனியத்தைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. நைட்ரேட்டும் எதிர்மின்சுமை கொண்டதால் அதை மண்ணால் பிடிக்க முடியாது. வேர் உறிஞ்சினால் உண்டு. இல்லாவிட்டால் அடுத்த மழையோடு கீழிறங்கி நிலத்தடி நீரிலோ ஓடையிலோ கலந்துவிடும்.

குளிர்ந்த மண்ணில் வேர் உறங்குகிறது, பாக்டீரியாவும் சோம்பிக் கிடக்கிறது. மார்ச் தொடக்கத்தில் தூவும் நைட்ரேட்டை வாங்கிக்கொள்ள அங்கே ஆளில்லை. போட்டவர் செலவு செய்த பணம் மழையோடு போகிறது. இங்கிலாந்தின் அனுபவமிக்க தோட்டக்காரர்கள் உரத்துக்கு நாள் குறிப்பதற்கு எளிய வழி ஒன்று வைத்திருக்கிறார்கள். வசந்தத்தில் புல்லை இரண்டு முறை வெட்ட வேண்டிய அளவுக்கு அது தானாக வளரட்டும், பிறகு உரம் போடலாம் என்பார்கள். பெரும்பாலான இடங்களில் அது ஏப்ரலில் வரும். தெற்கே சில இடங்களில் மார்ச் கடைசியிலேயே வந்துவிடும். தெர்மாமீட்டர் இல்லாமலேயே மண்ணின் வெப்பநிலையைச் சொல்லிவிடும் கணக்கு இது, ஏனென்றால் புல்லின் வளர்ச்சியே இங்கு அளவுகோல்.

வேர் விழிப்பதற்கு முன்பே புல்லில் தெரியும் இலேசான பசுமை எங்கிருந்து வருகிறது? சென்ற இலையுதிர்காலத்தில் புல் தன் தண்டின் அடியில் ஃப்ரக்டான் என்ற சர்க்கரைச் சங்கிலிகளைச் சேமித்து வைத்திருக்கிறது. வசந்தத்தின் முதல் இலைகள் அந்தச் சேமிப்பைச் செலவிட்டுத்தான் எழுகின்றன. அந்த இலைகள் வெயிலைப் பிடித்து வருமானம் ஈட்டும்வரை புல் கையிருப்பில் வாழ்கிறது. பலவீனமான அந்தச் சில வாரங்களில் ஒட்ட வெட்டுவதும், உறைபனி படிந்த காலையில் மேலே நடப்பதும் கெடுதல். உறைந்த செல்கள் மிதிபட்டால் உடைந்துவிடும். காலடித் தடங்கள் பழுப்பாகவே நின்றுவிடும்.

குளிர் தேசத்துப் புல்லும் அருகம்புல்லும்

உலகப் புல்தரைகளின் புற்களை இரண்டு குலங்களாகப் பிரிக்கலாம். இங்கிலாந்தில் வளரும் ரைகிராஸ், ஃபெஸ்க்யூ, பென்ட், மெடோகிராஸ் ஆகியவை குளிர்பருவப் புற்கள். ஒளிச்சேர்க்கையில் இவை முதலில் உருவாக்கும் சேர்மத்தில் மூன்று கார்பன் அணுக்கள் இருக்கும். 16 முதல் 24 டிகிரி வரை இவற்றின் தழை செழித்து வளரும். கோடையில் வெப்பம் ஏறினால் தளர்ந்துவிடும்.

மற்றக் குலத்தின் முதல் சேர்மத்தில் நான்கு கார்பன் அணுக்கள். நம் வயல் வரப்பிலும் பிள்ளையார் மாலையிலும் இருக்கும் அருகம்புல் இந்தக் குலத்தைச் சேர்ந்தது. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் அதே அருகு பெர்முடா கிராஸ் என்ற பெயரில் வீட்டுப் புல்தரைகளையும் விளையாட்டுத் திடல்களையும் நிரப்பியிருக்கிறது. 27 முதல் 35 டிகிரி வரைதான் அதற்குச் சுகம். குளிர் கடுமையானால் பழுப்பேறி உறங்கிவிடும்.

இந்த வேறுபாடு உரக் கணக்கை மாற்றுகிறது. இங்கிலாந்துப் புல்லுக்கு வசந்தமும் இலையுதிர்காலமும் வளர்ச்சிப் பருவங்கள். அருகுக்குக் கோடையே வளர்ச்சிப் பருவம். ஒரு நாட்டின் உர அட்டவணையை இன்னொரு நாட்டில் அப்படியே பின்பற்றுவது தவறு. புல் எந்தக் குலம், இப்போது விழித்திருக்கிறதா என்று கேட்ட பிறகே மூட்டையைப் பிரிக்க வேண்டும்.

வெட்ட வெட்டத் துளிர்ப்பது எப்படி

பெரும்பாலான செடிகளுக்கு வளர்முனை உச்சியில் இருக்கும். உச்சியைக் கிள்ளினால் அந்தக் கிளையின் நேர் வளர்ச்சி நின்றுவிடும். புல் தன் வளர்முனையைத் தரையோடு தரையாக, இலையடிகள் ஒன்றுகூடும் குருத்துப் பகுதியில் ஒளித்து வைத்திருக்கிறது. இலையின் ஆக்குத்திசுவும் இலையின் அடியிலேயே இருக்கிறது. இலை நுனி வளர்வதில்லை. அடியிலிருந்து மேலே தள்ளப்படுகிறது. நுனியை மாடு மேய்ந்தாலும் கத்தி வெட்டினாலும் கீழேயுள்ள ஆக்குத்திசு தன் வேலையைத் தொடர்கிறது. மேயும் விலங்குகளோடு கோடிக்கணக்கான ஆண்டுகள் வாழ்ந்ததில் புற்கள் பெற்ற திறன் இது. புல்தரை என்ற ஏற்பாடே இந்த ஒரு உடலமைப்பின் மீது நிற்கிறது.

1830 வரை இங்கிலாந்தில் புல்தரையை ஆடு மேய்த்தோ, நீண்ட பிடி கொண்ட அரிவாளால் ஆள் வைத்து அறுத்தோதான் குட்டையாக வைத்திருந்தார்கள். பெரிய மாளிகைக்காரர்களுக்கே அது கட்டுபடியானது. குளோஸ்டர்ஷயரில் ஸ்ட்ரவுட் என்ற ஊருக்குப் பக்கத்தில் கம்பளித் துணி ஆலைகள் இருந்தன. நெய்த துணியின் மேல் எழுந்து நிற்கும் இழைமயிரைச் சீராகக் கத்தரிக்க அங்கே சுழலும் கத்தி உருளைகள் கொண்ட இயந்திரங்களைப் பயன்படுத்தினார்கள். அதைப் பார்த்த எட்வின் பியர்ட் பட்டிங் என்ற பொறியாளர், அதே உருளையைப் புல்லின் மேல் ஓட்டலாமே என்று யோசித்தார். 1830-இல் அவர் காப்புரிமை பெற்ற இயந்திரம்தான் இன்றைய புல்வெட்டும் இயந்திரங்களின் முன்னோடி. நடுத்தரக் குடும்பத்து வீடுகளுக்கும் புல்தரை வருவதற்கு அது வழி திறந்தது.

கத்தி எளிதில் கிடைத்ததும் அளவுக்கு மீறி வெட்டும் பழக்கமும் வந்தது. வெட்டுக்கும் வேருக்கும் உள்ள தொடர்பை அமெரிக்க வேளாண்துறையைச் சேர்ந்த கிரைடர் ஆராய்ந்து 1955-இல் வெளியிட்டார். இலைப் பரப்பில் பாதிக்கு மேல் ஒரே வெட்டில் போனால் வேர்களின் வளர்ச்சி நின்றுபோவதை அவர் பதிவு செய்தார். வெட்டு எவ்வளவு ஆழமோ அவ்வளவுக்கு அதிகமான வேர்கள், அதிகமான நாட்கள் நின்றன. காரணம் எளிமையானது. இலை போனால் சர்க்கரை வரவு போகிறது. மிஞ்சியதைப் புல் புதிய இலைக்கே முதலில் கொடுக்கிறது. வேர் காத்திருக்க வேண்டியதுதான். ஒரு வெட்டில் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது என்று தோட்டக்காரர்கள் வைத்திருக்கும் விதிக்கு அடிப்படை இதுவே.

வசந்தத்தின் முதல் வெட்டு ஆகவே உயர்த்தி வைத்த கத்தியால் நடக்க வேண்டும். நுனியைத் தொட்டுவிட்டுப் போனால் போதும். அடுத்தடுத்த வாரங்களில் படிப்படியாக இறக்கி, வீட்டுப் புல்தரையை மூன்று, நான்கு சென்டிமீட்டரில் நிறுத்தலாம். விம்பிள்டன் டென்னிஸ் ஆடுகளங்களில் ரைகிராசை 8 மில்லிமீட்டருக்கு வெட்டுகிறார்கள். அதைத் தாங்க ஆண்டு முழுவதும் தேர்ந்த பணியாளர்களின் கவனம் இருக்கிறது. வீட்டில் அந்த உயரத்தை ஆசைப்படுவது வேரைப் பட்டினி போடுவதில்தான் முடியும்.

மூட்டையின் மேல் மூன்று எண்கள்

உர மூட்டையில் அச்சிட்டிருக்கும் மூன்று எண்கள் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து ஆகியவற்றின் விழுக்காடு. முதல் எண் நைட்ரஜனை நேராகச் சொல்கிறது. மற்ற இரண்டும் வணிக வழக்கப்படி ஆக்சைடுகளாகக் கணக்கிடப்பட்டவை. மணிச்சத்து எண்ணில் 44 விழுக்காடு மட்டுமே உண்மையான பாஸ்பரஸ். சாம்பல்சத்து எண்ணில் 83 விழுக்காடு பொட்டாசியம்.

நைட்ரஜனுக்கு ஏன் முதலிடம்? ஒவ்வொரு பச்சைய மூலக்கூறிலும் நான்கு நைட்ரஜன் அணுக்கள் இருக்கின்றன. காற்றிலிருந்து கார்பனைப் பிடிக்கும் ருபிஸ்கோ என்ற நொதி, இலையில் உள்ள நைட்ரஜனில் ஏறத்தாழ கால் பங்கைத் தன்னிடமே வைத்திருக்கும். தழைச்சத்து குறைந்தால் புல் பழைய இலைகளிலிருந்து நைட்ரஜனைப் பிரித்தெடுத்துப் புதிய இலைகளுக்கு அனுப்பும், அடியிலைகள் மஞ்சளிக்கும். பட்டினியான புல்லில் சிவப்பு நூல் போன்ற இழைகளோடு ஒரு பூஞ்சை நோய் வருவதும் உண்டு. மாறாக, குளிர் நெருங்கும் நேரத்தில் நைட்ரஜன் மிஞ்சினால் இலை மெதுமெதுவென்று கொழுத்து வேறொரு பூஞ்சைக்கு இரையாகும். வசந்த உரத்தில் நைட்ரஜன் மிகுந்தும், இலையுதிர்கால உரத்தில் அது குறைந்து பொட்டாசியம் மிகுந்தும் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

அளவுக்கு வருவோம். இங்கிலாந்தில் பல வசந்த உரங்களுக்கு ஒரு சதுர மீட்டருக்கு 35 கிராம் என்பது வழக்கமான அளவு. நைட்ரஜன் 10 விழுக்காடு என்றால் சதுர மீட்டருக்கு 3.5 கிராம் நைட்ரஜன் சேர்கிறது. 50 சதுர மீட்டர் புல்தரைக்கு 1.75 கிலோ உரம், அதில் 175 கிராம் நைட்ரஜன். அந்த 1.75 கிலோவை எடைபோட்டு இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை நீளவாக்கிலும் மறுபாதியைக் குறுக்குவாக்கிலும் தூவினால் பட்டை பட்டையாகப் பச்சையும் மஞ்சளும் தெரியாது. இரண்டு மூன்று நாளில் மழை வராவிட்டால் தண்ணீர் விட வேண்டும்.

கைநிறைய அள்ளி வீசினால் புல் கருகும். உரம் ஒரு உப்பு. மாங்காய்த் துண்டுகளில் உப்பைப் பிசிறி வைத்தால் சற்று நேரத்தில் நீர் விட்டு அவை சுருங்குவதுபோல, வேரைச் சுற்றி உப்பின் செறிவு கூடினால் வேர் உறிஞ்ச வேண்டிய தண்ணீர் எதிர்த்திசையில் வெளியேறுகிறது. நாய் சிறுநீர் கழித்த இடத்தில் நடுவில் பழுப்பு வட்டமும் அதைச் சுற்றிக் கரும்பச்சை வளையமும் தோன்றுவதைப் பலரும் பார்த்திருப்பார்கள். நடுவில் நைட்ரஜனும் உப்பும் மிஞ்சிப்போய்க் கருகல்; விளிம்பில் அதே பொருள் நீர்த்து அளவாகச் சேர்ந்து செழிப்பு. அளவின் வேறுபாடு மட்டுமே இந்த இரண்டு நிறங்களையும் பிரிக்கிறது.

பாசி எதற்குச் சாட்சி

வசந்தப் புல்தரையில் கண்ணை உறுத்துவது பாசி. குளங்களில் படியும் பாசி வேறு, இது வேறு. சின்னஞ்சிறு இலைகளோடு மெத்தைபோல் படரும், உண்மையான வேர் இல்லாத நிலத்தாவரம் இது. குளிரிலும் மங்கிய ஒளியிலும் இதனால் ஒளிச்சேர்க்கை நடத்த முடியும். புல் உறங்கும் டிசம்பர், ஜனவரியில் பாசிக்குப் போட்டியே இல்லை. மண் இறுகி நீர் தேங்கினால், நிழல் விழுந்தால், ஒட்ட வெட்டினால், மண் அமிலமானால் புல் தளர்கிறது. காலியான இடத்துக்குப் பாசி வருகிறது.

இரும்பு சல்பேட் தெளித்தால் சில நாட்களில் பாசி கறுத்து மடிகிறது. அதே இரும்பு புல்லைக் கரும்பச்சையாக்குகிறது. பச்சையத்தில் இரும்பு இல்லாவிட்டாலும், பச்சையம் உருவாக இரும்பு வேண்டும். நடைபாதைக் கல்லில் பட்டால் துருக்கறை போகவே போகாது என்பதால் விளிம்புகளில் கவனம் தேவை. பாசி முழுவதும் மடிய இரண்டு வாரம் விட்டு, பிறகே கம்பிப் பற்கள் கொண்ட வாரியால் வாரி எடுக்க வேண்டும். உயிருள்ள பாசியை வாரினால் பிய்ந்த துணுக்கு ஒவ்வொன்றும் புதிய செடியாக முளைத்துவிடும்.

மடிந்த பாசி விட்டுச்செல்லும் வெற்றிடத்தில் புல் விதையைத் தூவாவிட்டால் அடுத்த குளிர்காலத்தில் பாசிதான் திரும்பி வரும். இறுகிய மண்ணைத் துளையிட்டு இளக்காமல், மேலே கவிந்த கிளையைக் கழிக்காமல், ஆண்டுதோறும் இரும்பு மட்டும் தெளிப்பவர் காரணத்தைத் தொடவே இல்லை.

1856 முதல் நடக்கும் சோதனை

லண்டனுக்கு வடக்கே, ஹார்ப்பெண்டன் என்ற ஊரில் ரோத்தம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அந்தப் பண்ணையின் சொந்தக்காரர் ஜான் பென்னெட் லாஸ் 1842-இல் சூப்பர் பாஸ்பேட் உரத்துக்குக் காப்புரிமை பெற்றவர். 1843-இல் ஜோசப் ஹென்றி கில்பர்ட் என்ற வேதியியலாளரைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டார். இருவரும் 1856-இல், நூறாண்டுக்கு மேலாகப் புல் மட்டுமே வளர்ந்த ஒரு நிலத்தைத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் ஒவ்வொரு உரத்தை ஆண்டுதோறும் இடத் தொடங்கினார்கள். எந்த உரம் வைக்கோல் விளைச்சலைக் கூட்டும் என்பதே அவர்கள் கேள்வி. பார்க் கிராஸ் எனப்படும் அந்தச் சோதனை இன்றும் நடக்கிறது.

விளைச்சல் பற்றிய விடை கிடைத்தது. அதைவிடப் பெரிய விடையொன்று கேட்காமலேயே வந்தது. இரண்டு மூன்று ஆண்டுகளிலேயே, துண்டுக்குத் துண்டு வேறு வேறு விதை போட்டது போன்ற தோற்றம் உண்டாகிவிட்டது. யாரும் விதைக்கவில்லை. உரம் மட்டுமே வேறு.

எந்த உரமும் பெறாத துண்டுகளில் இன்றும் முப்பதுக்கும் மேற்பட்ட தாவர வகைகள் கூடி வாழ்கின்றன. மணிச்சத்தும் சாம்பல்சத்தும் மட்டும் பெற்ற துண்டுகளில் குளோவர் முதலிய பயறுக் குடும்பச் செடிகள் பெருகின. அவை நைட்ரஜனைக் காற்றிலிருந்து தாமே எடுத்துக்கொள்ளும் என்பதால் மற்ற இரண்டு சத்துகளும் கிடைத்ததே அவற்றுக்குப் பெரிய உதவி. அம்மோனியம் சல்பேட்டை அதிகமாகப் பெற்று, சுண்ணாம்பே பெறாத துண்டுகளில் இரண்டு மூன்று வகைப் புற்கள் மட்டும் மிஞ்சின.

ஏன் இப்படி? இரண்டு காரணங்கள் ஒன்றுசேர்ந்தன. முதலாவது ஒளிப்போட்டி. நைட்ரஜன் கிடைத்ததும் உயரமாக வளரும் புற்கள் எழுந்து, குட்டையான செடிகளை நிழலில் அழுத்திவிட்டன. இரண்டாவது அமிலம். மண்ணிலுள்ள பாக்டீரியா ஒரு அம்மோனியம் அயனியை நைட்ரேட்டாக மாற்றும்போது இரண்டு ஹைட்ரஜன் அயனிகள் வெளியேறுகின்றன. ஆண்டுக்கு ஆண்டு அவை சேர்ந்து மண்ணின் பி.எச். அளவை 4-க்கும் கீழே இழுத்துவிட்டன. பக்கத்திலேயே நைட்ரஜனைச் சோடியம் நைட்ரேட்டாகப் பெற்ற துண்டுகளில் அந்த அமிலம் உண்டாகவில்லை. அங்கே இவ்வளவு வகைகள் அழியவும் இல்லை. தழைச்சத்து என்ற ஒரே பெயருக்குள் அடங்கும் இரண்டு உப்புகள் மண்ணை இரண்டு வெவ்வேறு திசைகளில் கொண்டுபோயின.

அமிலத் துண்டுகளில் மண்புழுக்களும் மறைந்தன. இறந்த புல்லை மண்ணுக்குள் இழுத்துச் செரிக்க ஆளில்லாமல், மட்காத நார் மேலே தடித்த விரிப்பாகப் படிந்தது. மண்புழுவின் உழைப்பை முதன்முதலில் எடைபோட்டுக் காட்டியவர் சார்லஸ் டார்வின். 1881-இல் வெளியான தன் கடைசி நூலில், இங்கிலாந்தின் பல பகுதிகளில் ஆண்டுக்கு ஏக்கருக்குப் பத்து டன்னுக்கு மேலான உலர்மண் புழுக்களின் உடல் வழியே சென்று வருவதாக அவர் கணக்கிட்டார். புல்தரையில் வசந்தக் காலையில் தெரியும் சின்னச் சின்ன மண்குவியல்கள் அந்த உழைப்பின் எச்சம். பலர் அவற்றை அசிங்கமாக நினைக்கிறார்கள். உலர்ந்த பின் துடைப்பத்தால் பரப்பிவிட்டால், அதைவிட மென்மையான மேலுரம் கடையில் கிடைக்காது.

வாரந்தோறும் வெட்டும் வீட்டுப் புல்தரைக்கும் ஆண்டுக்கு இருமுறை அறுக்கும் வைக்கோல் நிலத்துக்கும் வேறுபாடு உண்டு. எல்லாச் செடிகளையும் ஒரே உயரத்துக்கு வெட்டுவதால் வீட்டில் ஒளிப்போட்டி குறைகிறது. ஆனால் அமிலமாகும் வேதியியல் இரண்டிலும் ஒன்றே. நைட்ரஜன் இலவசமாகக் கிடைக்கும் இடத்தில் குளோவர் தன் அனுகூலத்தை இழப்பதும் இரண்டிலும் ஒன்றே. மூட்டையிலிருந்து தூவும் ஒவ்வொரு பிடியும் அங்கே எது ஓங்க வேண்டும், எது ஒடுங்க வேண்டும் என்பதில் தலையிடுகிறது. பார்க் கிராஸ் நமக்குச் சொல்லித்தரும் பாடம் இதுதான்.

ஏற்கெனவே அங்கிருக்கும் உரம்

வெட்டிய புல்லின் உலர் எடையில் ஏறத்தாழ 4 விழுக்காடு நைட்ரஜன். அதைக் கூடையில் அள்ளிக் குப்பையில் போட்டுவிட்டு, அதே நைட்ரஜனைக் கடையில் காசு கொடுத்து வாங்குகிறோம். அடிக்கடி, கொஞ்சமாக வெட்டி, துணுக்குகளை அங்கேயே விட்டுவிட்டால் அவை சில வாரங்களில் மட்கி, புல்லுக்குத் தேவையான நைட்ரஜனில் கால் பங்கு அளவுக்கேனும் திருப்பித் தரும். துணுக்குகளால் தரையில் நார் படியும் என்ற அச்சத்துக்கு அடிப்படை குறைவு. எளிதில் மட்காத லிக்னின் மிகுந்த தண்டும் வேருமே அந்த நாரின் மூலப்பொருள்; இளம் இலையில் அது மிகக் குறைவு.

வெள்ளை குளோவர் இன்னொரு ஊற்று. அதன் வேர்முடிச்சுகளில் வாழும் ரைசோபியம் பாக்டீரியா காற்றின் நைட்ரஜனை அம்மோனியாவாக மாற்றுகிறது. அதே வேலையைத் தொழிற்சாலையில் செய்ய ஃப்ரிட்ஸ் ஹேபர் 1909-இல் வழி கண்டார். கார்ல் போஷ் அதை 1913-இல் ஜெர்மனியின் ஒப்பாவ் ஆலையில் பெருமளவு உற்பத்தியாக்கினார். அதற்கு 400 டிகிரிக்கு மேலான வெப்பமும் காற்றழுத்தத்தைப் போல நூற்றுக்கணக்கான மடங்கு அழுத்தமும் வேண்டியிருந்தன. குளோவர் தோட்டத்து மண்ணின் சாதாரண வெப்பநிலையில் இதைச் செய்கிறது. ஒரு காலத்தில் புல்தரை விதைக் கலவைகளில் குளோவரும் சேர்ந்தே இருந்தது. 1940-களின் நடுவில் அகன்ற இலைக் களைகளைக் கொல்லும் மருந்துகள் சந்தைக்கு வந்தன. அவற்றுக்குக் களையும் குளோவரும் ஒன்றுதான். மருந்தில் குளோவர் சாகும் என்பதால் அதையும் களைகளின் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். ஒரு நல்ல செடியை இழந்ததோடு, அது கொடுத்துவந்த நைட்ரஜனை மூட்டையில் வாங்கும் தேவையும் கூடவே வந்தது.

மிஞ்சிய உரம் வேலிக்குள் நிற்பதில்லை. பாஸ்பரஸ் ஏரியில் கலந்தால் நீர்ப்பாசி பெருகி, மட்கும்போது நீரின் ஆக்சிஜனைத் தின்றுவிடும். ஆயிரக்கணக்கான ஏரிகளைக் கொண்ட அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலம், புல்தரை உரத்தில் பாஸ்பரஸ் சேர்ப்பதை 2005 முதல் மாநிலம் முழுக்கக் கட்டுப்படுத்தியது. புதிதாக விதைக்கும் தரைக்கும், மண் பரிசோதனையில் குறைவு தெரியும் தரைக்கும் மட்டும் அங்கே விலக்கு. நைட்ரஜனின் ஒரு பகுதியோ நைட்ரஸ் ஆக்சைடாகக் காற்றில் கலக்கிறது. நூறாண்டுக் கணக்கில் அதன் வெப்பமேற்றும் ஆற்றல் கார்பன் டை ஆக்சைடைப் போல ஏறத்தாழ 270 மடங்கு.

பிளான்ட்லைஃப் என்ற பிரித்தானியத் தொண்டு நிறுவனம் 2019-இல் தொடங்கிய இயக்கம், மே மாதம் முழுவதும் புல்லை வெட்டாமல் விடச் சொல்கிறது. குளோவரும் டெய்சியும் டான்டிலையனும் பூத்துத் தேனீக்களுக்கு இரை கிடைக்கும். இது எல்லாத் தோட்டத்துக்கும் பொருந்தாமல் போகலாம். குழந்தைகள் ஓடி விளையாடும் தரைக்கு அடர்ந்த ரைகிராசும் ஏப்ரலில் அளவான உரமும் தேவைதான். மிதிபட்ட இலையை மீண்டும் கட்ட நைட்ரஜன் வேண்டும். யாரும் மிதிக்காத மூலைக்கு அந்தத் தேவை இல்லை. அங்கே வெட்டின் துணுக்கும் குளோவரும் மண்புழுவும் போதும்.

ஒரே தோட்டத்தைக்கூட இப்படிப் பிரித்துப் பார்க்கலாம். உரம் தேவைப்படும் பகுதி எது, இல்லாமலேயே நன்றாக இருக்கும் பகுதி எது என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். முன்னதற்கு மண் சூடேறி, இரண்டு வெட்டு முடிந்த பிறகு, எடைபோட்ட அளவில் நைட்ரஜன். பாஸ்பரஸ் மண் பரிசோதனை கேட்டால் மட்டும். ஆண்டுகள் பல அம்மோனியம் உரம் கண்ட தரையென்றால் பி.எச். சோதித்துத் தேவைக்குச் சுண்ணாம்பு. பின்னதற்கு உயர்த்தி வைத்த கத்தி மட்டும். இந்த ஒழுங்கில் செலவு குறைகிறது, ஓடை தெளிவாகிறது. வசந்தம் வந்ததும் வாங்க வேண்டிய முதல் பொருள் பத்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு இறங்கும் ஒரு மண் தெர்மாமீட்டர். உர மூட்டையின் முறை அதற்குப் பிறகுதான்.